ஆறடிக் கல்லில் பதினேழு பேர்

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோட்டில் ஒரு தகர ஷெட்.
நான் எழுத்து வெட்டுகிறவள், எஸ். தில்ஷாத்.
கல்மேல் ரப்பர் தாளை ஒட்டி
பிளேடால் எழுத்தை மட்டும் உரித்தெடுப்பேன்.
உரித்த இடத்தில் சென்னகேசவன் மணலடிப்பான்.
எழுத்துக்கு ஐந்து ரூபாய்.
புள்ளிக்கும் கமாவுக்கும் கிடையாது.

இந்த வாரம் அமெரிக்க ஆர்டர்.
வர்ஜீனியாவில் ஏதோ ஒரு சிற்றூர்ச் சதுக்கத்தில்
நிற்கப்போகிற கல்.
விடுதலைப் போரில் செத்த பதினேழு பேர்,
கீழே வருடம்: 1781.

கல்லுக்கு வியாபாரப் பெயர் பாரடைசோ.
சொர்க்கமாம்.
குவாரியில் அதற்குப் பெயர் எதுவுமில்லை.

1781 எனக்குத் தெரிந்த வருடம்.
குரூப் ஃபோருக்குப் படித்தேன், இரண்டு மார்க்கில் போனது.
யார்க்டவுனில் சரணடைந்தார் காரன்வாலிஸ்.
சரணடையும் வேளைக்கு உடம்பு சரியில்லை என்று
துணைத் தளபதியிடம் வாளைக் கொடுத்தனுப்பினார்.
கைடில் இன்னும் நூறு பக்கம் தள்ளி
நிலையான நிலவரித் திட்டம், காரன்வாலிஸ்.
இரண்டும் ஒரே ஆள் என்று
அந்த நூறு பக்கத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.
மூன்று வருடம் கழித்து,
கையில் பிளேடோடு நிற்கையில் உறைத்தது.

அங்கே தோற்றவர் கப்பலேறி வந்தார்.
பத்தே வருடம்.
தொண்ணூற்றொன்று நவம்பரில், ராத்திரி,
அதோ, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தெரிகிறதே
அந்த சையத் பாஷா மலையில்
அவருடைய சிப்பாய்கள் ஏறினார்கள்.
மேலிருந்து பாறைகளை உருட்டிவிட்டார்கள் திப்புவின் ஆட்கள்.
ஏறியவர்கள் இறங்கி ஓடினார்கள்.
அடுத்த பங்குனியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில்
ஒரு காகிதத்தில் கையெழுத்தாகி
மலையும் போனது, அடிவாரமும் போனது,
பாராமகால் மொத்தமும்.

அவர் அங்கே ஜெயித்திருந்தால்
இங்கே வந்திருப்பாரா?
கேட்டேன்.
மூக்குத் துணியை இறக்காமலே சென்னகேசவன் சொன்னான்:
"வேற எவனாவது வந்திருப்பான். ஒன்பதாவது பேரு முடிஞ்சுதா?"

பதினாறு பேருக்கு இரண்டிரண்டு பெயர்.
பதினேழாவது வரியில்
சீசர்.
அவ்வளவுதான்.
ஃபைலில் விட்டுப்போயிருக்கும் என்று
ஆபீஸ் சொர்ணவல்லி மெயில் போட்டாள்.
காலையில் பதில்:
குடும்பப் பெயர் இல்லை. அடிமை. இருப்பதை வெட்டவும்.

ஆறு எழுத்து. முப்பது ரூபாய்.

அப்பா தோல் மண்டியில் மூட்டை தூக்கினார்.
விட்டுப்போனது ஒரு எஸ் தான்.
ரேஷன் கார்டிலும் சம்பளச் சீட்டிலும்
எனக்கு முன்னால் அது நடக்கும்.
சீசருக்கு முன்னால் யாரும் நடக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடிப் படித்தேன்.
யார்க்டவுனில் இன்னும் நிறைய பேர் இருந்திருக்கிறார்கள்.
வெள்ளைக்காரன் பக்கம் ஓடிவந்தால் விடுதலை என்று
தோட்டங்களை விட்டு ஓடிவந்தவர்கள்.
அவருடைய பாசறைக்குத்தான்.
தானியம் தீர்ந்தது, அம்மை பரவியது,
வெளியே போ என்று விரட்டினார்.
இந்தப் பக்கப் பீரங்கிக்கும் அந்தப் பக்கப் பீரங்கிக்கும் நடுவே
ஒரு காட்டில் கிடந்து செத்தார்கள்.
அவர்களுக்கு ஆர்டர் வரவில்லை.
வந்தால் ஒரு கல் போதுமா என்று
மனசு பாட்டுக்குக் கணக்குப் போட்டது,
எழுத்துக்கு ஐந்து ரூபாய் வீதம்.

சீசருக்கு வலப்பக்கம் ஒரு சாண் காலி.
நடுவில் தள்ளி வைக்கலாமா என்றார் மேனேஜர்.
எல்லோரையும்போல இடப்பக்கமே தொடங்கட்டும் என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை, நல்லவேளை,
என்னிடம் பதில் இல்லை.

மணலடித்து, கழுவி,
அந்தக் காலி இடத்தை இன்னொரு தடவை மினுக்கினேன்.
குனிந்தால் முகம் தெரிகிறது.
முதலில் என்னுடையது தெரிந்தது,
புருவத்தில் கல்தூசியோடு.

சனிக்கிழமை மரப்பெட்டியில் அடித்து ஏற்றினார்கள்.
லாரி மலையடிவாரத்தைச் சுற்றித்தான்
மெட்ராஸ் ரோட்டைப் பிடிக்க வேண்டும்.
இந்தக் கல்லையும் கீழேதான் கொண்டுபோகிறோம்,
மெதுவாக,
கயிறு கட்டி,
இன்ஷூரன்ஸ் போட்டு.